பல்லை ராவுவதற்கு முன்னால் கழுத்தைப் பாருங்கள்

வேலூர்ப் பக்கம் தாடை மூட்டு வலியோடு வருகிறவர்களில் பலர் காது டாக்டரைப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வருகிறார்கள். அதில் தப்பே இல்லை. காதுத் துளைக்குச் சற்று முன்னால்தான் அந்த மூட்டு இருக்கிறது. விரலை அங்கே வைத்து வாயைத் திறந்து மூடினால் எலும்பு உருண்டு முன்னே நகர்வது கையில் தெரியும். காதில் கோளாறு இல்லை என்று தெரிந்த பிறகு நடப்பதையும், எங்கே சறுக்கும் என்பதையும் இங்கே எழுதுகிறோம்.

முதல் வேலை அளப்பது. ஆட்காட்டி, நடு, மோதிர விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழைந்தால் ஏறக்குறைய 40 மில்லிமீட்டர் திறக்கிறது, போதும். 35க்குக் கீழே போனால் காரணம் தேட வேண்டும். குட்கா, பாக்கு போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்சதை நார்நாராக இறுகி வாய் திறக்காமல் போகும். அது வேறு நோய், புற்றுநோயாகவும் மாறலாம். அதை மூட்டு வலி என்று நினைத்து நாளைக் கடத்தாதீர்கள். மாடிப்படி ஏறும்போது தாடை வலித்து, உட்கார்ந்தால் நின்றுவிடுகிறதா? இதயத்தைப் பார்க்க வேண்டும். 50 வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலியும், நெற்றிப்பொட்டு வலியும், பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வலியே இல்லாமல் 'டக் டக்' என்று சத்தம் மட்டும் வந்தால் வைத்தியம் தேவையில்லை.

இனி கழுத்து. நேராக உட்கார்ந்து மேல், கீழ் பற்களை ஒன்றோடொன்று லேசாகத் தட்டிப் பாருங்கள். தலையை நன்றாக அண்ணாந்து தட்டினால் கடைவாய்ப் பற்கள் முந்திப் படும். குனிந்து தட்டினால் படும் இடம் முன்னே நகரும். பல் அதேதான், கழுத்து மட்டும்தான் மாறியது. தலையின் எடை 4.5 முதல் 5 கிலோ. ஆம்பூர், ராணிப்பேட்டை ஷூ கம்பெனிகளில் நாள் முழுக்கத் தையல் மெஷின்மேல் தலையை முன்னே நீட்டி உட்கார்கிறவர்களுக்குப் பிடரித் தசைகளும் மெல்லும் தசைகளும் சேர்ந்தே இறுகிப் போகின்றன. போனைக் குனிந்து பார்க்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

இந்த உறவை வைத்துத்தான் பெரிய பேச்சும் கிளம்புகிறது. கடியை, அதாவது மேல், கீழ் பற்கள் சேரும் விதத்தை, பல்லை ராவிச் சரிசெய்தால் முதுகு நிமிரும், இடுப்பு வலி போகும், தலைசுற்றல் நிற்கும் என்கிறார்கள். கழுத்துக்கும் தாடைக்கும் உறவு உண்டு. அதற்குக் கீழே போகப் போக ஆதாரம் மெலிந்துவிடுகிறது. ராவிய பல் திரும்ப வளராது. கடியை நிரந்தரமாக மாற்றும் வைத்தியத்தைப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 1996இல் கூட்டிய நிபுணர் மாநாடே சொல்லிவிட்டது. எடுத்த எடுப்பில் பல்லை ராவலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பல்லைக் கடிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு வழக்கமாகத் தருவது இரவில் மாட்டும் ஸ்பிளின்ட், அதாவது பல்மேல் பொருத்தும் பிளாஸ்டிக் உறை. ஆல்ஜினேட் மாவைக் குழைத்து மேல், கீழ் பற்களை அச்செடுப்பார்கள். நம் ஊர் மே மாத வெயிலில் அந்த மாவு டிரேயில் வைப்பதற்குள் இறுகத் தொடங்கிவிடும். அதனால் குளிர்ந்த தண்ணீரில் குழைக்க வேண்டும். எடுத்த அச்சில் 15 நிமிடத்துக்குள் ஜிப்சம் மாவைக் கரைத்து ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் ஈரம் வற்றி அச்சு சுருங்கும், ஸ்பிளின்ட் பல்லில் இறங்காது. எல்லாப் பற்களையும் மூடுகிற, கெட்டியான அக்ரிலிக்கே நல்லது. முன்பற்களை மட்டும் மூடுவதை மாதக்கணக்கில் போட்டால் கடைவாய்ப் பற்கள் வளர்ந்து இறங்கி, கடியே மாறிவிடலாம்.

மாட்டிய பிறகு நடக்கும் சரிபார்ப்பில்தான் பாதி வெற்றி. பட்ட இடத்தில் நிறம் ஒட்டும் நீலத் தாளைப் பற்களுக்கு நடுவில் வைத்துக் கடிக்கச் சொல்வார்கள். ஸ்பிளின்ட்மேல் இரண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தத்தில் புள்ளிகள் விழ வேண்டும். ஒரு புள்ளி மட்டும் கரும்பொட்டாக, நடுவில் வெள்ளையாகத் தெரிந்தால் அந்த இடம் உயரம், அங்கே தேய்க்க வேண்டும். நாற்காலியில் சாய்ந்து படுத்தபடியே பார்த்து அனுப்பிவிட்டால், எழுந்து உட்கார்ந்ததும் புள்ளிகள் இடம் மாறும். காரணம் மேலே சொன்ன கழுத்துதான். "நிமிர்ந்து உட்கார்ந்தும் ஒரு தடவை பாருங்க டாக்டர்" என்று தயங்காமல் கேளுங்கள்.

முதல் இரண்டு, மூன்று நாள் எச்சில் அதிகம் ஊறும், அது அடங்கிவிடும். காலையில் கழற்றியதும் கடி சில நிமிடம் புதிதாகத் தெரியும். மணிக்கணக்கில் அப்படியே இருந்தால் மாட்டுவதை நிறுத்திவிட்டுப் போய்க் காட்டுங்கள். கொதிநீரில் கழுவாதீர்கள், வெயிலில் நிற்கும் காருக்குள் வைக்காதீர்கள், நெளிந்துவிடும்.

பகல் வேலை உங்களுடையது. உதடு மூடியிருக்க, பற்கள் ஒன்றையொன்று தொடக் கூடாது. நாக்கு எங்கே இருக்க வேண்டும் என்றால், 'மான்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். 'ன்'னில் நாக்கு நிற்கும் இடம்தான் அது. 'பந்து' சொல்லும்போது நாக்கு பல்லில் இடிக்குமே, அது வேண்டாம். நாக்கை அங்கேயே ஒட்டவைத்து வாயைத் திறந்து மூடினால் மூட்டு முன்னே வழுக்காமல் சுழலும். வேளைக்கு 6 தடவை, நாளைக்கு 6 வேளை செய்யுங்கள். கூடவே மோவாயை மேலே தூக்காமல், நேர்கோட்டில் பின்னுக்கு இழுத்துக் கழுத்தை நீட்டுங்கள். வெந்நீரில் நனைத்த ஈரத்துணி ஒத்தடம் 15 நிமிடம் கொடுத்துவிட்டுச் செய்தால் தசை இளகிக் கொடுக்கும்.

சாப்பாட்டுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. கேழ்வரகுக் களியை மெல்லவே வேண்டாம், உருட்டி விழுங்குவதுதான். தொட்டுக்கொள்ள முள்ளுக் கத்திரிக்காய்க் கடைசல் போதும். எலும்புக் கறி, முறுக்கு, கரும்பு இரண்டு, மூன்று வாரம் ஒதுங்கட்டும். கொட்டாவி வந்தால் மோவாய்க்கு அடியில் முஷ்டியைக் கொடுத்துத் தாங்குங்கள்.

இடையில் ஒரு பல்லை அடைத்தாலோ கேப் போட்டாலோ ஸ்பிளின்ட் பொருந்தாமல் போகும். எந்தப் பல் வேலைக்குப் போனாலும் ஸ்பிளின்டை டப்பாவில் போட்டுக் கையோடு எடுத்துப் போங்கள்.