சத்தம் வருது, படம் வரலை

கடைக்கு டிவியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் சொல்லும் முதல் வாக்கியத்தை வேலைச் சீட்டில் அப்படியே எழுதிக்கொள்வேன். "சத்தம் வருது, படம் வரலைண்ணே." "காலையில போட்டா வராது, பத்து நிமிஷம் கழிச்சுத் தானா வருது." "நேத்து ராத்திரி இடி இடிச்சுச்சு, அதுலருந்து சிக்னல் இல்லைங்குது." அவர்கள் மெக்கானிக் இல்லை. ஆனால் அந்த டிவியோடு தினமும் வாழ்கிறவர்கள். திருப்புளியை எடுப்பதற்கு முன்பே பாதிப் பழுதை அவர்கள் வாயாலேயே சொல்லிவிடுகிறார்கள். அதைக் காதில் வாங்காமல் முதுகுப் பலகையைக் கழற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

டப்பா டிவி காலத்தில் தொழில் கற்றவன் நான். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் எங்களைப் போன்ற பலருக்கு வருடக்கணக்கில் சோறு போட்டது. பிக்சர் டியூபுக்குப் போகும் 20,000 வோல்ட்டுக்கு மேலான மின்சாரத்துக்குப் பயந்து, ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேலை செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். தட்டை டிவியில் அந்த டியூப் இல்லை. உள்ளே பார்த்தால் எளிமையாகத்தான் தெரியும். மின்சாரத்தைப் பிரித்துக்கொடுக்கும் பவர் போர்டு, சிக்னலைப் படமாக்கும் மெயின் போர்டு, அந்தப் படத்தைப் பேனலுக்குப் புரியும்படி வரிசைப்படுத்தும் டி-கான், முன்னால் கண்ணாடிப் பேனல், அதற்குப் பின்னால் வெளிச்சம் தரும் எல்இடி வரிசைகள். சின்ன டிவிகளில் இந்த போர்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே போர்டாகவே வருகின்றன.

இந்த எளிமைதான் ஆளை ஏமாற்றும். படம் இல்லை என்பது கண்ணுக்குத் தெரியும் விளைவு. அதன் காரணம் ஐந்து இடங்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம்.

பத்து நிமிடம் கழித்துத் தானாக வரும் டிவியை எடுத்துக்கொள்வோம். அதில் பெரும்பாலும் பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கிச் சீராக்கும் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் உலர்ந்துபோயிருக்கும். குளிர்ந்த நிலையில் அதன் உள் மின்தடை கூடிவிடுவதால் மெயின் போர்டுக்குப் போகும் 12 வோல்ட் தடுமாறும். மின்சாரம் கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறியதும் ஓரளவு வேலை செய்யத் தொடங்கும். தலை உப்பியிருந்தால் பார்த்ததுமே தெரிந்துவிடும். உப்பாமலே கெட்டுப்போவதும் உண்டு. அதற்கு அந்த உள் மின்தடையைக் காட்டும் இஎஸ்ஆர் மீட்டர் வைத்து அளந்தே ஆகவேண்டும். சூடு 10 டிகிரி குறைந்தால் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் நம்பும் கணக்கு. சித்திரை, வைகாசியில் மதுரை வெயில் 40 டிகிரியைத் தொடும் ஊர். அதில் மேற்குச் சுவரில், காற்றுப் போக இடமில்லாமல் அலமாரிக்குள் டிவியைப் பொருத்தினால் அந்தக் கணக்கு என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இடி விழுந்த கதை வேறு. ஐப்பசி மழை தொடங்கியதும் மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரிசையாக வரும். "சுவிட்சை அணைச்சுத்தானப்பா வச்சிருந்தோம், எப்படிப் போச்சு?" என்று கேட்பார்கள். சுவிட்சு அணைந்திருக்கும். கேபிள் வயரோ தெரு முழுக்க ஓடி, கம்பத்தில் தொங்கி, செட்டாப் பாக்ஸ் வழியாக எச்டிஎம்ஐ துளைக்குள் சொருகியே இருக்கும். மின்னல் வீச்சு அந்த வழியாக உள்ளே வந்து மெயின் போர்டைக் கெடுத்துவிடும். பவர் போர்டில் ஒரு கீறல்கூட இருக்காது. இடிக்கிற மாதிரி இருந்தால் பிளக்கைப் பிடுங்குவதோடு கேபிளையும் பிடுங்குங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்லி அனுப்புகிறேன்.

இப்போது அதிகமாக வருவது பேக்லைட், அதாவது பேனலுக்குப் பின்னால் இருக்கும் எல்இடி வெளிச்சத்தின் பழுதுதான். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை அன்று மத்தியானம் செல்லூரிலிருந்து ஒருவர் 32 இஞ்ச் டிவியை ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் பேனல் போய்விட்டது, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்களாம்.

"விடிஞ்சா அழகர் ஆத்துல எறங்குவாரு. எங்கம்மாவுக்கு மூட்டுவலி, கூட்டத்துல நிக்க முடியாதுண்ணே. டிவியிலதான் பாக்கும். ஆறு கூப்புடு தூரத்துல இருந்தும் போக முடியலைன்னு அது ஒரே பொலம்பல்."

"எப்படிப் போச்சு தம்பி? ஒரேயடியா கறுப்பாயிருச்சா, இல்ல மின்னிட்டுப் போச்சா?"

"போட்டவொடன ஒரு வெளிச்சம் வருதுண்ணே, அப்புறம் கறுப்பு. சத்தம் மட்டும் ஓடுது."

டிவியைப் போட்டு, கடை விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் சாய்த்துப் பிடித்தேன். செய்தி வாசிக்கும் பெண்ணின் முகம் மங்கலாகத் தெரிந்தது. "தம்பி, இங்க வந்து பாருங்க. பேனல் நல்லா இருக்கு, பின்னாடி வெளிச்சம்தான் இல்ல" என்றேன். அவர் குனிந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஒரு விநாடி வெளிச்சம்தான் துப்பு. எல்இடிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் சுமார் 3 வோல்ட் வேண்டும். சில வகைகளுக்கு 6 வோல்ட். ஒரு எல்இடி தடுமாறினாலும் அவற்றுக்கு மின்சாரம் கொடுக்கும் டிரைவர் ஐசி அதைக் கண்டுகொண்டு, பாதுகாப்புக்காக மொத்த வெளிச்சத்தையும் நிறுத்திவிடும். மெயின் போர்டு இதைப் பற்றி ஒன்றும் அறியாமல் சத்தத்தையும் படத்தையும் அனுப்பிக்கொண்டே இருக்கும்.

கழற்றியபோது காற்றுத் துளைகள் எல்லாம் தறிப் பஞ்சால் அடைத்திருந்தன. செல்லூர் நெசவு வீடுகளிலிருந்து வரும் டிவிகளில் இது வழக்கம். பரோட்டாக் கடை டிவியில் பஞ்சுக்குப் பதிலாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். பேக்லைட்டை மாற்றுவதில் கஷ்டமே அதுவரை போய்ச் சேர்வதுதான். மேசையில் சுத்தமான கம்பளி விரித்து, ஃபேனை நிறுத்திவிட வேண்டும், தூசி பறந்து உட்கார்ந்தால் படத்தில் புள்ளியாக நிற்கும். பேனல் கண்ணாடியின் ஓரத்தில் அப்பளம் மாதிரி மெல்லிய ஃபிலிம்கள் ஒட்டியிருக்கும். அதில் ஒன்று கிழிந்தால் அந்த டிவியின் கதை அங்கேயே முடிந்தது. அதனால் பேனலைத் தூக்க எப்போதும் இரண்டு பேர். பிறகு வெளிச்சத்தைப் பரப்பும் தாள்கள், எது மேல் எது கீழ் என்ற வரிசை மாறாமல், விரல்ரேகை படாமல் எடுக்க வேண்டும். என்னிடம் வேலை பழகும் பையனுக்கு சால்ட்ரிங் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பு இதைத்தான் சொல்லிக்கொடுத்தேன்.

டெஸ்டரை வைத்துத் தொட்டுக்கொண்டே போனபோது நடு வரிசையில் ஒரு எல்இடி எரியவில்லை. அதன் மஞ்சள் பூச்சு கருகியிருந்தது. இந்த எல்இடிகளின் உள்ளே இருப்பது நீல ஒளிதான். மேலே இருக்கும் மஞ்சள் பாஸ்பர் பூச்சோடு சேர்ந்துதான் வெள்ளையாகத் தெரிகிறது. அந்த நீல எல்இடியைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ல் இயற்பியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பூச்சு சூட்டில் கெட்டால் படம் முழுக்க நீலமோ ஊதாவோ ஏறும். படம் ஊதாவாகத் தெரிகிறது என்று வருகிறவர்களுக்கு மெயின் போர்டை மாற்றி எந்தப் பயனும் இல்லை. அதேபோல் திரையில் அங்கங்கே வட்டமாக வெள்ளை வெளிச்சம் தெரிந்தால், எல்இடி மேல் ஒட்டியிருந்த லென்ஸ் சூட்டில் பசை விட்டு விழுந்திருக்கும்.

"ஒண்ணுதான போச்சு, அதை மட்டும் மாத்துனா போதாதாண்ணே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஒன்று கருகிய அதே சூட்டில்தான் மற்றவையும் அத்தனை வருடமாக இருந்திருக்கின்றன. இன்று ஒன்றை மாற்றினால் கொஞ்ச நாளில் அடுத்தது போகும். மறுபடி பேனலைத் தூக்க வேண்டும், மறுபடி அந்த ஆபத்து. அதனால் எல்இடி வரிசைகள் பதிந்த பட்டைகளான ஸ்ட்ரிப்புகள் எல்லாவற்றையும் மாற்றுவதுதான் என் வழக்கம். ஸ்ட்ரிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண், எல்இடி எண்ணிக்கை, வோல்ட் மூன்றும் பொருந்த வேண்டும். 3 வோல்ட் இருந்த இடத்தில் 6 வோல்ட் ஸ்ட்ரிப்பைப் போட்டால் டிரைவர் திணறும்.

இதோடு நின்றால் விளைவைத்தான் சரிசெய்திருப்பேன், காரணம் அப்படியே இருக்கும். கடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக விலை குறைந்த பல டிவிகளில் எல்இடிகளுக்குத் தாங்கும் எல்லை வரைக்கும் கரண்ட் கொடுக்கிறார்கள். வீட்டிலும் டிவி செட்டிங்கில் பேக்லைட் அளவு 100-லேயே கிடக்கும். கரண்டைத் தீர்மானிக்கும் சின்ன ரெசிஸ்டரை மாற்றி நான் கால் பங்கு குறைத்துவிடுவேன். கண்ணுக்கு வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, எல்இடியின் சூடு நன்றாகக் குறையும். அவருடைய டிவிக்கும் அதைச் செய்து, மூடி, சாயங்காலம் முழுக்க ஓடவிட்டுப் பார்த்து, கடை சாத்துவதற்குள் கொடுத்தனுப்பினேன்.

ஒன்றுமே எரியாத டிவி வந்தால் நான் முதலில் தேடுவது பல்லியை. கதகதப்புக்காக உள்ளே போய், 230 வோல்ட் வரும் பக்கத்தில் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து மிதித்துச் செத்துக் கிடக்கும். ஃபியூஸ் போயிருக்கும். ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடி போகும், ஏனென்றால் அதோடு பவர் போர்டின் பாகங்களான பிரிட்ஜ் டையோடோ மாஸ்ஃபெட்டோ ஷார்ட் ஆகியிருக்கலாம். அதனால் பழைய குண்டு பல்பை சீரிஸில் கோத்துத்தான் மின்சாரம் கொடுப்பேன். பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட் இன்னும் இருக்கிறது. ஒரு முறை மின்னி மங்கினால் பயமில்லாமல் மேலே போகலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். திருப்புளியால் தட்டிப் பொறி பறக்க விடாமல், ரெசிஸ்டர் வைத்து இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். வீட்டில் தானாகத் திறந்து பார்க்க ஆசைப்படுகிறவர்களிடம் இந்த ஒரு காரணத்துக்காகவே வேண்டாம் என்று சொல்கிறேன்.

பேனல் கண்ணாடி உடைந்தவர்களுக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி இல்லை. புதுப் பேனலின் விலை ஏறத்தாழ டிவியின் விலைக்கே வந்துவிடும். செங்குத்தாகக் கோடு விழுந்தால், ஓரத்து ஃபிலிமை விரலால் அழுத்தும்போது கோடு மறையும். அந்த இடத்தில் ரப்பர் துண்டு வைத்து மூடிக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. அது நிற்காது. அந்த வேலையை நான் எடுப்பதில்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் பலர் போர்டை மாற்ற மட்டுமே கற்றுக்கொள்கிறார்கள். இந்த போர்டு போட்டுப் பார், சரியாகவில்லையா, அந்த போர்டு போட்டுப் பார். வேகமான வழி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இரண்டு ரூபாய் டையோடு கெட்டதற்கு முழு போர்டுக்கான காசை உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு அம்மா கொடுக்கிறார். நல்ல போர்டு குப்பைக்குப் போகிறது. காரணத்தைத் தேடாமல் மாற்றிய புது போர்டும் அதே காரணத்தால் மறுபடி சாகிறது. என்னிடம் வேலை பழகும் பையனிடம் ஒரே ஒரு விதி வைத்திருக்கிறேன்: எந்த இடத்தில் எத்தனை வோல்ட் வரவேண்டும், எத்தனை வருகிறது என்று தாளில் எழுதிக் காட்டாமல் எந்த பாகத்தையும் கழற்றக்கூடாது. ஸ்டாண்ட்பை 5 வோல்ட் இருக்கிறதா, ஆன் கட்டளை வருகிறதா, 12 வோல்ட் எழும்புகிறதா, டி-கான் ஃபியூஸைத் தாண்டிப் போகிறதா. இந்த வரிசையில் எங்கே அறுகிறதோ அங்கேதான் தேட வேண்டும். ஆரம்பத்தில் அவனுக்கு எரிச்சலாக இருந்தது. இப்போது நான் கேட்பதற்கு முன்பே எழுதி வைத்துவிடுகிறான்.

வேலை முடிந்த டிவியின் முதுகுப் பலகையின் உள்பக்கத்தில் தேதி, மாற்றிய பாகம், குறைத்த கரண்ட் அளவு மூன்றையும் மார்க்கரால் எழுதி மூடுகிறோம். பழைய ஸ்ட்ரிப்பையும் கருகிய பாகத்தையும் உரியவர் கையிலேயே கொடுத்துவிடுகிறோம். அடுத்த முறை அவர்கள் வேறு கடைக்கே கொண்டுபோனாலும், திறக்கிற மெக்கானிக்குக் கணக்கு அங்கேயே கிடைக்கும்.