பழைய ஃபைல்

"ஹார்ட் ஆபரேஷன் பண்ணி 22 வருஷமா? கடைசியா எக்கோ ஸ்கேன் எப்போ எடுத்தீங்க?"

டாக்டர் கேட்டதும் தங்கை என்னைப் பார்த்தாள். எனக்கும் பதில் தெரியவில்லை.

அம்மா பீரோ அடியிலிருந்து எடுத்துக் கொடுத்த ஃபைல் என் மடியில். மடிப்பில் கிழிந்து செலோடேப் ஒட்டிய டிஸ்சார்ஜ் சம்மரி. தங்கைக்குப் பிறவியிலேயே இருந்த இதயக் கோளாறின் பெயர், 'டெட்ராலஜி ஆஃப் ஃபாலட்' என்ற வரி மட்டும் இன்னும் மங்கவில்லை.

இரண்டு வயதில், நாலடி நடந்தால் குந்திக்கொள்வாள். பிடிவாதம் என்றே நினைத்தோம். உதடு நீலம் பாரித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குந்தினால் நுரையீரலுக்குக் கூடுதல் ரத்தம் போகும். அந்தச் சின்ன உடம்பு அதைத் தானே கண்டுபிடித்து வைத்திருந்தது!

ஆபரேஷனில் இதயத்து ஓட்டையை அடைத்தாயிற்று, குணமாகிவிட்டது என்று அப்புறம் மறந்தே போனோம். ஆனால் அன்று அகலப்படுத்திய நுரையீரல் வால்வு வருஷக்கணக்கில் கசியலாம். இதயத்தின் வலது கீழறை மெல்லப் பெரிதாகும். வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு கட்டத்தில் வால்வு மாற்ற வேண்டிவரலாம். பிள்ளைப்பேற்றுக்கு முன்னால் கட்டாயம் பார்த்துவிட வேண்டுமாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதய ஆபரேஷன் நடந்திருந்தால், அந்த ஃபைலைத் தேடி எடுங்கள், ப்ளீஸ்.

அடுத்த வாரம் எம்ஆர்ஐ. அம்மா ஃபைலுக்குப் புது பிளாஸ்டிக் உறை வாங்கி வைத்துவிட்டார்.