எமனுக்கும் ஒரு கும்பிடு

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போகிற சாலையில் இருக்கிறது திருக்கடையூர். எந்த நாள் போனாலும் கோவிலுக்குள் மாலையும் கழுத்துமாகத் தாத்தா பாட்டிகள். அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். நாலு பக்கமும் ஹோமப் புகை. எந்த நாதஸ்வரம் எந்த வீட்டுக்கு வாசிக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது.

ஜோடியாகப் போகிற கோவில் என்பதாலேயே நான் அந்தப் பக்கம் போகாமல் இருந்தேன். என் கணவர் ஹேவிளம்பி வருஷத்துக்காரர், 1957. அறுபது வருஷம் சுற்றி, பிறந்த வருஷம் திரும்ப வந்து, அதே மாதத்தில் அதே நட்சத்திரம் கூடுகிற நாளில்தான் மணிவிழா. 2017 சித்திரையில் ஹேவிளம்பி பிறந்தது. வைகாசியில் செய்வதாக இருந்தோம். அவர் அதற்கு முந்தின மார்கழியிலேயே போய்விட்டார். மண்டபத்துக்குக் கொடுத்த முன்பணத்தை மகன் போய் வாங்கி வந்தான். மண்டபக்காரர் ஒரு பேச்சுப் பேசாமல் முழுசாகக் கொடுத்தாராம். அதை என்ன செய்வதென்று தெரியாமல் கவரோடு பீரோவில் வைத்தேன். வருஷக்கணக்காக அங்கேயே கிடந்தது.

தம்பி விசுவாவசு, 1965. போன ஐப்பசியில் அவனுக்கு மணிவிழா. "நீ வரலைன்னா நான் பண்ணிக்கப் போறதில்ல" என்று போனில் சொல்லிவிட்டான். சரி என்று அந்தக் கவரைப் பிரித்து, தம்பி மனைவிக்குப் பட்டுப்புடவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

ஹோமம் முடிந்து கலச நீர் ஊற்றுகிற நேரம். நான் பைகளைப் பார்த்துக்கொள்கிற சாக்கில் தூண் ஓரமாக நின்றேன். யாரும் நிற்கச் சொல்லவில்லை. புருஷன் போனவளுக்கு அதெல்லாம் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தம்பி மனைவி சொட்டச் சொட்ட நனைந்தபடி திரும்பி, "அண்ணி, அங்க என்ன பண்றீங்க? நீங்க ஊத்தாம நாங்க எழுந்திருக்க மாட்டோம்" என்றாள். ஒரு பெரியம்மா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். சிவாச்சாரியார் ஒன்றும் சொல்லாமல் செம்பை என் கையில் கொடுத்தார்.

மழை நாள். தம்பிக்குப் பல் கிட்டியது. சின்ன வயதில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினால், காதில் தண்ணீர் போய்விட்டது என்று தலையைச் சாய்த்துக்கொண்டு குதிப்பான். இப்போதும் சாய்த்தான், வழுக்கைத் தலையை. தலைப்பை முறுக்கிக் காதைத் துடைத்துவிட்டேன். "அக்கா, எல்லாரும் பாக்கறாங்க" என்றான். பார்க்கட்டுமே.

அப்புறம் ஈரம் மாற்றி வந்து மறுபடி தாலி கட்டினான். இந்த ஊர்க்காரர்தான் குங்கிலியக்கலய நாயனார். வீட்டில் அரிசி இல்லை என்று மனைவி தாலியைக் கழற்றிக் கொடுக்க, அதை நெல்லாக மாற்றாமல் சாமிக்குக் குங்கிலியம் வாங்கிக்கொண்டு கோவிலுக்குப் போய்விட்டவர். நாயனாராக அவரைக் கும்பிடுகிறேன். ஆனால் பசியோடு காத்திருந்த அந்த அம்மாளுக்கும் ஒரு சிலை வைத்துக் கும்பிட வேண்டும் என்பது என் கட்சி.

எல்லோரும் பந்திக்குப் போன பிறகு காலசம்ஹார மூர்த்தி சன்னதிக்குத் தனியாகப் போனேன். பதினாறு வயது மார்க்கண்டேயன் லிங்கத்தைக் கட்டிக்கொள்ள, எமன் வீசிய கயிறு லிங்கத்தின் மேலும் விழ, சிவன் எமனைக் காலால் உதைத்த தலம் இது. உபன்யாசங்களில் கதையைப் பெரும்பாலும் இதோடு முடித்துவிடுவார்கள். மிச்சமும் இருக்கிறது. எமன் விழுந்த பிறகு உலகத்தில் சாவே இல்லை. பூமாதேவிக்குப் பாரம் தாங்கவில்லை. அவள் முறையிட, சிவன் எமனை எழுப்பி வேலையைத் திருப்பிக் கொடுத்தார். உதை வாங்கியவன் இன்றைக்கும் எதிரிலேயே கைகூப்பி நிற்கிறான்.

ஏன் அவரை என்று அபிராமியிடம் எத்தனையோ சண்டை போட்டிருக்கிறேன், வீட்டுப் படத்தின் முன்னால். அன்றைக்குச் சாமியிடம் கேட்கத் தோன்றியது வேறு. எழுப்பி வேலைக்கு அனுப்பினீரே, கொஞ்சம் பார்த்து நடந்துக்கோ என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? கேட்டுவிட்டு எமனுக்கும் ஒரு கும்பிடு போட்டேன். படுத்த படுக்கையாகப் புண்ணோடு கிடந்த என் மாமியாரைத் தூக்கத்திலேயே கூட்டிக்கொண்டு போனவனும் அவன்தான். அன்றைக்கு "நல்ல சாவு" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

மனசு ஆறிவிட்டது என்றெல்லாம் சொல்லமாட்டேன். தனி ஆளுக்கு அரிசி போடக் கை பழகவே ரொம்ப நாள் ஆனது. இப்போது பழகிவிட்டது. சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கணக்குப் போட வருகிறார்கள். அலுத்த நாளில் ரசமும் சுட்ட அப்பளமும்.

பந்தியில் தம்பி மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, பீமரத சாந்திக்கும் நான்தான் முதலில் ஊற்ற வேண்டும் என்றாள். அப்போது எனக்கு எழுபத்து நாலு. முட்டி ஒத்துழைத்தால் வருகிறேன், ஆனால் ஐப்பசி மழையில் வேண்டாம், வெந்நீர் வைக்கச் சொல்லு என்றேன்.