ஒரே சுவிட்ச், 19 பதிவு

இரவு 2.10-க்கு போன் அலற ஆரம்பித்தது. ரவுட்டர் டவுன், சுவிட்ச் டவுன், ஃபயர்வால் டவுன். அரைத் தூக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிங் அடித்தால், எல்லாமே சமர்த்தாகப் பதில் சொல்கின்றன. நெட்வொர்க்குக்கு ஒன்றுமில்லை. அதைக் கண்காணிக்கும் சர்வர்தான் மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. 10 நிமிடம் தகவல் வராவிட்டால் 'டவுன்' என்று சொல்லும்படி விதி எழுதி வைத்த புண்ணியவானும் நான்தான்.

எங்கள் போலர், அதாவது அந்தச் சர்வரில் கருவிகளை விசாரிக்கும் நிரல், 5 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாக் கருவிகளிடமும் எஸ்என்எம்பி (நெட்வொர்க் கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) வழியாகக் கணக்குக் கேட்கும். ஒரு சுற்று 300 விநாடிக்குள் முடிந்தாக வேண்டும். அன்று லாக் கோப்பில் பார்த்தால் 700-ஐத் தாண்டியிருந்தது. டைம்அவுட் ஆன, அதாவது நேரத்துக்குள் பதில் தராத, கருவிகளைச் சீரியல் எண்படி வரிசைப்படுத்திப் பார்த்தேன். 19 வரிகளில் ஒரே எண். நெட்வொர்க்கின் நடுவில் எல்லாவற்றையும் இணைக்கும் எங்கள் கோர் சுவிட்ச்!

அதில் 18 விலான்கள் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனித்தனி வலைகள்), ஒவ்வொன்றுக்கும் வெளியே போகும் வாசலாக ஒரு கேட்வே ஐபி. அதோடு எந்த விலானையும் சாராத, சுவிட்சுக்கே உரிய ஒரு லூப்பேக் ஐபி. இரண்டு நாள் முன்பு கருவிகளைத் தானே தேடிச் சேர்க்கும் ஆட்டோ டிஸ்கவரியை ஆன் செய்திருந்தேன். அது ஒவ்வொரு ஐபியையும் தனிக் கருவியாகச் சேர்த்துவிட்டது. பெயர் ஒன்றாக இருந்தால் சேர்க்காதே என்று ஒரு தடுப்பு உண்டு. புதிதாக வந்த சுவிட்சுகள் எல்லாம் பெட்டியிலிருந்து எடுத்தபடியே 'சுவிட்ச்' என்ற பெயரில் இருந்ததால், பெயர் மாற்றச் சோம்பல்பட்டு அந்தத் தடுப்பை எடுத்துவிட்டிருந்தேன். பகலில் எப்படியோ ஓடியது. 2 மணிக்கு, கருவிகளின் அமைப்புகளை நகலெடுக்கும் கான்ஃபிக் பேக்கப் ஸ்கிரிப்டும் சேர்ந்துகொள்ள, சுவிட்சின் சிபியு திணறி, எஸ்என்எம்பிக்குப் பதில் தாமதமானது. டைம்அவுட், மறுபடி கேள்வி, மறுபடி டைம்அவுட். போலரின் ஆட்கள் எல்லாரும் ஒரே வாசலில் நிற்க, மற்ற கருவிகளிடம் கேட்க ஆளில்லை.

சரி, 18-ஐ நீக்க வேண்டியதுதானே? அங்கேதான் கை நடுங்கியது. கருவியை நீக்கினால் அதன் கிராஃப் கோப்புகளும் சேர்ந்து போய்விடும். லூப்பேக் ஐபி இருந்த பதிவுதான் அசல் என்று நினைத்து மற்றவற்றையெல்லாம் டிக் செய்துவிட்டேன். நீக்கு பொத்தானுக்குப் போகுமுன், எதற்கும் இருக்கட்டும் என்று சேர்த்த தேதியைப் பார்த்தேன். அதுவும் இரண்டு நாள் குழந்தை. மூன்று வருடச் சரித்திரம் ஏதோ ஒரு விலான் ஐபியின் பெயரில் கிடந்தது. டிக்கை எடுத்தேன். அப்புறம் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

பழையதை வைத்துக்கொண்டு அதன் முகவரியை லூப்பேக்குக்கு மாற்றினேன். மற்றவற்றை ஒவ்வொன்றாக, தேதி பார்த்துப் பார்த்து நீக்கினேன். அடுத்த சுற்று 140 விநாடியில் முடிந்தது. மறுநாள் முழுக்க 'சுவிட்ச்' என்ற பெயருள்ள சுவிட்சுகளுக்குப் பெயர் சூட்டு விழா. முடிந்ததும் தடுப்பைத் திரும்பப் போட்டேன்.

கிராஃபில் அன்றைய 2.05 முதல் 3.40 வரை இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. மாத அறிக்கையைப் பார்க்கும்போதெல்லாம் மேலாளர் அங்கே விரலை வைத்து, "அன்னைக்கு லிங்க் போச்சாப்பா?" என்கிறார்.