பிரிட்டன் வாடகையும் பிளானிங் பெர்மிஷனும்

6.51 சதுர மீட்டர். நம் கணக்கில் 70 சதுர அடி. இங்கிலாந்தில் பலர் பங்கிட்டுத் தங்கும், உரிமம் பெற்ற வீட்டில், வயது வந்த ஒருவர் படுக்க இதைவிடச் சின்ன அறையைக் கொடுக்கக் கூடாது என்று 2018 அக்டோபர் முதல் விதி இருக்கிறது. இருவர் என்றால் 10.22 சதுர மீட்டர். 4.64-க்கும் கீழே போனால் அந்த அறையில் யாரையுமே படுக்க வைக்கக் கூடாது. கூரை சரிந்து 1.5 மீட்டருக்குத் தாழும் இடத்தை அளவில் சேர்க்க முடியாது.

ஓர் அறையின் நீள அகலத்தைச் சட்டத்தில் எழுதி வைக்க வேண்டிய நிலை ஏன் வந்தது என்பது கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாம் தெரு ஒன்றில் நடந்து பார்த்தால் புரியும். நூறு வருடத்துக்கு முந்தைய வரிசை வீடுகள். கீழே இரண்டு அறையும் சமையல்கட்டும், மேலே மூன்று படுக்கையறை. ஒரு குடும்பத்துக்காகக் கட்டியவை. இன்று அவற்றில் பலவற்றில் கீழே முன்னறையும் படுக்கையறை, நடு அறையும் படுக்கையறை. ஹாலே கிடையாது. சமையல்கட்டில் ஆளுக்கொரு அலமாரி, ஃபிரிட்ஜில் ஆளுக்கொரு தட்டு, குளியலறை எல்லோருக்கும் ஒன்று. தமிழ்நாட்டிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளும், இலங்கையிலிருந்து வந்து கடைகளில் வேலை பார்ப்பவர்களும் இப்படித்தான் லண்டன் வாழ்க்கையைத் தொடங்குகிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டு ‘ஆள் வந்து குவிந்ததால்தான் வீடு இல்லை’ என்று ஒரு பக்கம் சொல்கிறது. ‘குடியேற்றத்துக்கும் வாடகைக்கும் சம்பந்தமே இல்லை’ என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஆட்கள் வந்தால் வீட்டுக்கான தேவை கூடும், அதில் சந்தேகமில்லை. அந்தத் தேவை செங்கல்லாக மாறுமா, வாடகையாக மாறுமா என்பதை முடிவு செய்வது கட்ட அனுமதி தரும் முறை. பிரிட்டனின் கோளாறு அங்கேதான் இருக்கிறது.

முதலில் அளவைப் பார்ப்போம். 1997-இல் இங்கிலாந்தில் ஒரு நடுத்தர வீட்டின் விலை, நடுத்தர ஆண்டுச் சம்பளத்தைப்போல் சுமார் மூன்றரை மடங்கு. 2024-இல் அது 7.7 மடங்கு, லண்டனில் 11-க்கும் மேல். இதில் குடியேற்றத்தின் பங்கு எவ்வளவு? வீட்டுவசதி அமைச்சகமே 2018-இல் கணக்குப் போட்டது. 1991 முதல் 2016 வரையான 25 ஆண்டுகளில் குடியேற்றம் விலையைச் சுமார் 20 சதவீதம் உயர்த்தியது என்று வந்தது. வருமானம் உயர்ந்ததால் ஏறியது அதைவிடப் பல மடங்கு. 20 சதவீதம் சின்னத் தொகையல்ல. ஆனால் வீடு கட்டுவது இவ்வளவு கடினமாக இருக்கும் நாட்டில் கிடைத்த 20 சதவீதம் அது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கடினம் என்றால் என்ன? 1947-இல் வந்த நகர், ஊரகத் திட்டமிடல் சட்டம் நிலத்தின் மேல் கட்டும் உரிமையை உரிமையாளரிடமிருந்து எடுத்து அரசிடம் கொடுத்தது. அன்றிலிருந்து நிலம் உங்களுடையது, கட்டலாமா என்பது கவுன்சிலின், அதாவது உள்ளாட்சி மன்றத்தின், விருப்பம். மற்ற பல நாடுகளில் ‘இந்தப் பகுதியில் மூன்று மாடி வரை கட்டலாம்’ என்று வரைபடம் சொன்னால், அதற்குள் அடங்கும் திட்டத்துக்கு அனுமதி கேட்பது வெறும் சரிபார்ப்பு. பிரிட்டனில் கவுன்சிலின் திட்டத்தில் அந்த நிலம் வீட்டுக்கென்று குறித்திருந்தாலும், ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனியாக விசாரித்துத்தான் முடிவு செய்வார்கள்.

நூறு வீடு கட்ட நினைக்கும் ஒருவரின் பாதையைப் பாருங்கள். முதலில் நிலம் உள்ளூர்த் திட்டத்தில் இடம்பெற வேண்டும். அதற்கே பல ஆண்டுகள். பிறகு கட்டலாம் என்று கொள்கையளவில் சொல்லும் ‘அவுட்லைன்’ அனுமதி. அதற்குப் போக்குவரத்து அறிக்கை, வெள்ள அறிக்கை, வௌவால், நியூட் என்னும் நீர்நில உயிரி கணக்கெடுப்பு என்று கத்தை கத்தையாகக் காகிதம். கணக்கெடுப்புக்கென்று பருவம் உண்டு. மாதத்தைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். 10 வீடு அல்லது அதற்கு மேற்பட்ட திட்டத்துக்கு 13 வாரத்தில் முடிவு சொல்ல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் ‘நீட்டிப்புக்குச் சம்மதம்’ என்று விண்ணப்பதாரரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். புள்ளிவிவரத்தில் அதுவும் கெடுவுக்குள் முடிந்ததாகவே பதிவாகிறது. அதிகாரி பரிந்துரைத்த திட்டத்தைக்கூடக் கவுன்சிலர்கள் குழு மறுக்கலாம், மறுத்தால் மேல்முறையீடு. ஒப்புக்கொண்டாலும், குறைந்த வாடகை வீடு எத்தனை, பள்ளிக்கு எவ்வளவு, சாலைக்கு எவ்வளவு என்று ‘செக்‌ஷன் 106’ ஒப்பந்தப் பேரம் தொடங்கும். அது ஓராண்டைத் தாண்டுவது சாதாரணம். அதன் பிறகு விவரமான வரைபடங்களுக்குத் தனி அனுமதி. செங்கல் நிறம் முதல் வடிகால் வரை ஒவ்வொரு நிபந்தனைக்கும் தனி ஒப்புதல். ஏழு மாடி அல்லது 18 மீட்டர் உயரம் என்றால் கட்டடப் பாதுகாப்பு ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலும் வேண்டும். லண்டனில் கிரென்ஃபெல் என்ற அடுக்குமாடிக் கோபுரத் தீயில் 72 பேர் இறந்த பிறகு வந்த அந்தச் சோதனை தேவையானது. ஆனால் 12 வாரம் என்று எழுதியிருக்கும் இடத்தில் பல மாதங்கள் இழுத்ததில் லண்டனின் அடுக்குமாடி வேலைகள் அப்படியே நின்றன.

இந்தப் பாதையைப் பெரிய நிறுவனங்கள்தான் தாங்கும். 1980-களின் கடைசியில் பத்து வீட்டில் நான்கைச் சிறிய கட்டுநர்கள் கட்டினார்கள்; இன்று பத்தில் ஒன்று. பெரிய நிறுவனத்துக்கோ அவசரமில்லை. அக்கம்பக்கத்து விலை இறங்காத வேகத்தில்தான் வீடுகளைச் சந்தைக்கு விடும். 2018-இல் அரசுக்காக எம்.பி. ஆலிவர் லெட்வின் ஆராய்ந்த மிகப் பெரிய மனைகளில் கட்டி முடிக்கும் காலம் நடுவளவாக 15.5 ஆண்டு.

நகரைச் சுற்றியிருக்கும் பசுமை வளையம் அடுத்தது. இங்கிலாந்து நிலத்தில் சுமார் 12.5 சதவீதம். பெயரைக் கேட்டால் காடு போலத் தோன்றும். பெரும்பகுதி சாதாரண விவசாய நிலம், நடுநடுவே கோல்ஃப் மைதானமும் குதிரை லாயமும். விவசாய நிலம் ஏக்கர் சுமார் 10 ஆயிரம் பவுண்டு. அதே ஏக்கருக்கு வீடு கட்ட அனுமதி கிடைத்தால் தென்கிழக்கு இங்கிலாந்தில் 10 லட்சத்தைத் தாண்டும். மண் மாறவில்லை. அந்த வித்தியாசம் முழுவதும் அனுமதியின் விலை, அதைக் கடைசியில் கட்டுவது குடியிருக்கப் போகிறவர்.

அரசு கட்டிய காலம் ஒன்று இருந்தது. 1968-இல் பிரிட்டன் முழுவதும் 4 லட்சத்துக்கு மேல் வீடுகள் எழுந்தன, அதில் பாதிக்கு அருகில் அரசுத் தரப்பு. ஸ்டீவனேஜ், மில்டன் கீன்ஸ் போன்ற புதிய நகரங்கள் போருக்குப் பிந்தைய தலைமுறையின் வேலை. 1980-க்குப் பிறகு குடியிருப்பவருக்கே கவுன்சில் வீட்டைத் தள்ளுபடியில் விற்கும் திட்டத்தில் இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20 லட்சம் வீடுகள் போயின. விற்ற அளவுக்குத் திரும்பக் கட்டவில்லை. அப்படி விற்ற வீடுகளில் பல இன்று தனியார் வாடகைக்கு ஓடுகின்றன. அவற்றின் வாடகையை உதவித்தொகையாகச் செலுத்துவது அதே அரசு.

‘கவுன்சில் வீடெல்லாம் வெளிநாட்டுக்காரருக்கே’ என்பது காதில் அடிக்கடி விழும் பேச்சு. வேலை விசாவிலும் மாணவர் விசாவிலும் வருகிறவருக்குப் ‘பொது நிதி இல்லை’ என்ற நிபந்தனை உண்டு. அவரால் விண்ணப்பிக்கவே முடியாது. இங்கிலாந்தில் புதிதாகச் சமூக வீடு பெறும் குடும்பத் தலைவர்களில் பத்தில் ஒன்பது பேர் பிரிட்டிஷ் குடிமக்கள்.

இனி மற்ற நாடுகள். கனடாவை முதலில் எடுக்கிறேன், ஏனென்றால் குடியேற்றத்தால் வாடகை ஏறாது என்று சொல்பவர்களுக்கு அதுவே பதில். 2023 ஒரே ஆண்டில் கனடாவின் மக்கள்தொகை 12.7 லட்சம் கூடியது. அந்த ஆண்டு கட்டத் தொடங்கிய வீடுகள் சுமார் 2.4 லட்சம். வீட்டுக்கு இரண்டரைப் பேர் என்று வைத்தாலும் 5 லட்சம் வீடு வேண்டும். வாடகை பறந்தது. 2024 ஜனவரியில் மாணவர் விசாவுக்கு உச்சவரம்பு வந்தது, பிறகு நிரந்தர வசிப்புரிமை இலக்கையும் குறைத்தார்கள். டொராண்டோவிலும் வான்கூவரிலும் கேட்கும் வாடகை இறங்கியது. டொராண்டோவின் ஸ்கார்பரோவில் அடித்தள அறைக்கு அலைந்த நம்மவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. டொராண்டோவில் காண்டோ எனப்படும் அடுக்குமாடி கட்ட வங்கிக் கடன் வேண்டுமென்றால், சுமார் 70 சதவீதம் வீடுகள் முன்கூட்டியே விற்றிருக்க வேண்டும். வட்டியும் ஏறி, வாடகையும் இறங்கியதும் வாங்கி வாடகைக்கு விடுபவர்கள் ஒதுங்கினார்கள். முன்விற்பனை பல பத்தாண்டுகளில் இல்லாத அளவு விழுந்தது, திட்டங்கள் ரத்தாயின. இன்று ரத்தான கட்டடம் சில ஆண்டு கழித்து இல்லாத வீடு. தேவையைக் குறைத்தது உடனே பலித்தது. வீடு கட்டும் முறையை அது சரி செய்யவில்லை.

நியூசிலாந்தின் ஆக்லாந்து எதிர்த் திசையில் போனது. 2016-இல் குடியிருப்பு நிலத்தில் சுமார் முக்கால் பங்கில் கூடுதல் அடர்த்திக்கு ஒரே திட்டத்தில் அனுமதி கொடுத்தார்கள். தோட்டத்தோடு தனி வீடு நின்ற மனையில் மூன்று, நான்கு வரிசை வீடு கட்டலாம், கெஞ்ச வேண்டியதில்லை. ஆண்டுக்குச் சுமார் 10 ஆயிரமாக இருந்த அனுமதி ஆறே ஆண்டில் 21 ஆயிரத்தைத் தாண்டியது. அந்தத் திட்டம் இல்லாவிட்டால் இருந்திருக்கும் அளவைவிட வாடகை கால் பங்குக்கும் மேல் குறைவு என்று ஆக்லாந்து பல்கலைக்கழக ஆய்வு கணக்கிட்டது. வெளிநாட்டவர் பழைய வீடு வாங்கத் தடை 2018-இல் வந்தது. வாடகையில் நடந்த மாற்றத்துக்கு 2016 திட்டத்தைத்தான் நான் காரணமாகச் சொல்வேன்.

டோக்கியோவில் நில வகைகளை நாடு முழுவதற்கும் மத்தியச் சட்டமே வகுக்கிறது, மொத்தம் 13 வகை. விதிக்குள் அடங்கினால் அனுமதி உரிமை. பக்கத்து வீட்டுக்காரர் மனு போட்டு நிறுத்த முடியாது. ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேல் வீடுகள் அங்கே தொடங்குகின்றன. அதற்காக டோக்கியோ சொர்க்கம் என்று நினைக்க வேண்டாம். 23 வார்டுகளில் புதிய அடுக்குமாடி வீட்டின் சராசரி விலை 2023-இல் 10 கோடி யென்னைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டவரை அங்கே வேறு கதவு தடுக்கிறது. ஜப்பான் நீதி அமைச்சகத்துக்காக நடந்த ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் சுமார் 39 சதவீதம் பேர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள்.

சிங்கப்பூரை உதாரணமாகக் காட்டுபவர்கள் பாதியைத்தான் சொல்கிறார்கள். குடிமக்கள், நிரந்தரவாசிகளில் ஐந்தில் நான்கு பேர் வீட்டு வளர்ச்சிக் கழக வீடுகளில் இருக்கிறார்கள், உண்மை. 1966 நிலக் கையகப்படுத்தும் சட்டம் மூலம் மலிவாக நிலம் எடுத்ததால் அது முடிந்தது. ஆனால் அந்த வீடுகளைக் கட்டும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. 2021-இல் அறிவித்த மேம்பட்ட விடுதித் தரத்தின்படியே ஓர் அறைக்கு 12 பேர் வரை, ஆளுக்கு 4.2 சதுர மீட்டர். ஈஸ்ட் ஹாமின் 6.51-ஐ அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பிரிட்டனுக்குத் திரும்பினால், இப்போது கண்முன்னே ஒரு சோதனை நடக்கிறது. நிகரக் குடியேற்றம் (வந்தவர்களில் வெளியேறியவர்களைக் கழித்தது) 2023-இல் ஆண்டுக்கு 9 லட்சத்தைத் தாண்டியிருந்தது; 2025 ஜூனில் முடிந்த ஆண்டில் 2 லட்சத்து 4 ஆயிரம். முக்கால் பங்குக்கும் மேல் சரிவு. வாடகை உயரும் வேகம் ஓராண்டில் 9 சதவீதத்திலிருந்து 5-க்கு வந்தது. இறங்கியது வேகம்தான், வாடகை இறங்கவில்லை. அதே நேரம் 15 லட்சம் வீடு கட்டுவோம் என்று வாக்களித்த அரசின் கீழ் 2024-25-இல் இங்கிலாந்தில் கூடுதலாகச் சேர்ந்தவை சுமார் 2 லட்சத்து 8 ஆயிரம். அதற்கு முந்தைய ஆண்டைவிடக் குறைவு. தற்காலிகத் தங்குமிடங்களில் 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்கள் இருக்கும்போது இதைப் படிக்க மனம் கனக்கிறது.

புதிதாக வருகிறவர்கள் கையில் வைத்திருக்க வேண்டிய சில விவரங்கள். இங்கிலாந்தில் வாடகைக்கு விடும் முன் உங்கள் குடியேற்ற நிலையைச் சரிபார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. அதற்காக இணையத்தில் எடுத்துக் கொடுக்கும் ஷேர் கோடு ‘ஆர்’ எழுத்தில் தொடங்க வேண்டும். வேலைக்கு எடுத்தது ‘டபிள்யூ’வில் தொடங்கும், அதைக் கொடுத்தால் வீட்டுக்காரருக்குப் பக்கம் திறக்காது, வீடு அடுத்தவருக்குப் போய்விடும். கோடு 90 நாள் செல்லும். பாஸ்போர்ட் புதுப்பித்திருந்தால் முதலில் ஈவிசா என்ற இணையவழி விசாக் கணக்கில் புதிய எண்ணைச் சேருங்கள்.

ஆண்டு வாடகை 50 ஆயிரம் பவுண்டுக்குக் கீழ் இருந்தால், டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. மாதம் 1,500 பவுண்டு என்றால் 12-ஆல் பெருக்கி, 52-ஆல் வகுத்து, 5-ஆல் பெருக்குங்கள்: 1,730 பவுண்டு. வீட்டைப் பிடித்து வைக்க வாங்கும் முன்பணம் ஒரு வாரம், 346. டெபாசிட்டை 30 நாளுக்குள் அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டத்தில் போட்டு விவரத்தைக் கொடுக்க வேண்டும். 2026 மே 1 முதல், வாடகைதாரர் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்க முடியாது. நல்ல சட்டம்தான். ஆனால் உள்ளூர் ஜாமீன்தாரர் இல்லாத மாணவர்கள் ஆறு மாதம் முன்பணம் கட்டித்தான் அதுவரை வீடு பிடித்தார்கள். அந்த வழி அடைபடுவதால் ஜாமீன் நிறுவனத்தின் கட்டணத்தையோ, பிரிட்டனில் சொந்த வீடுள்ள உறவினரின் கையெழுத்தையோ புறப்படும் முன்பே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஒரே குடும்பமாக இல்லாத ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் இருக்கும் வீட்டுக்கு உரிமம் கட்டாயம். ஈஸ்ட் ஹாம் அடங்கும் நியூஹம் போன்ற பல கவுன்சில்களில் அதைவிடக் குறைவானவர்கள் இருந்தாலும் தேவைப்படலாம். கவுன்சில் தளத்திலுள்ள பொதுப் பதிவேட்டில் முகவரியைப் போட்டுப் பாருங்கள். உரிமம் வாங்காமல் விட்டிருந்தால், கட்டிய வாடகையைத் திரும்பக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை குடியிருப்பவருக்கு உண்டு. அதற்குக் குடியுரிமை தேவையில்லை. வாடகையை வங்கி வழியாகக் கட்டிய ரசீதுகளையும், அறையை நாடாவால் அளந்து எடுத்த படத்தையும் பத்திரமாக வைத்திருங்கள்.