கர்னல் வரையாமல் விட்ட எழுத்துகள்

எக்ஸ் சர்வர், அதாவது லினக்ஸில் சாளரங்களைத் திரையில் காட்டும் நிரல், உறைந்துபோனால் பவர் பொத்தானை அழுத்திப் பிடிப்பதுதான் இத்தனை நாள் என் வழக்கம். போன மாதம் பாதி எழுதிய கோப்பு ஒன்று அப்படியே போய்விட்டது. இனி அது வேண்டாம் என்று, திரையை நானே வேண்டுமென்றே உறையவைத்து மீட்டுப் பார்க்க உட்கார்ந்தேன்.

ஆள் ஒரு பழைய மடிக்கணினி. ஆல்பைன் லினக்ஸ். சிஸ்டம்டி-லாகின்டி மாதிரி எக்ஸுக்கும் திரைக்கும் நடுவில் நிற்கும் சேவை எதுவும் இல்லை, ஸ்டார்ட்எக்ஸ் கட்டளை கொடுத்தால் எக்ஸ் சர்வரே டிடிஒய்1-ஐ (ஒரே திரையில் மாறி மாறிப் பார்க்கும் முனையங்களில் முதலாவது) எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (வேறொரு கணினியிலிருந்து கட்டளை கொடுக்கும் வழி) வழியாக உள்ளே இருந்தேன்.

முதலில் எக்ஸை இடைநிறுத்தும் ஸ்டாப் சிக்னல் அனுப்பினேன். சுட்டி நின்றது. டிடிஒய்2-க்குப் போக கண்ட்ரோல்+ஆல்ட்+எஃப்2 அடித்தால் அசைவில்லை. எக்ஸ் ஓடும்போது விசைப்பலகையைக் கர்னலின் (லினக்ஸின் மையப் பகுதி) கையிலிருந்து பிடுங்கி 'ஆஃப்' நிலையில் வைத்துவிடுகிறது. அந்த மூன்று விசைகளைக் கவனிப்பதும் எக்ஸ்தான். அதுவே தூங்கினால் யார் கேட்பது?

எஸ்எஸ்ஹெச்சில் 'சிஹெச்விடி 2', அதாவது டிடிஒய்2-க்கு மாற்றும் கட்டளை, கொடுத்தேன். கட்டளை திரும்பவே இல்லை. இங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. "இடத்தை விடு" என்று கர்னல் எக்ஸுக்கு சிக்னல் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. ஆள் உயிரோடு இருக்கும்வரை கர்னல் பலவந்தம் செய்யாது. சரி, எக்ஸை 'கில் -9' கொடுத்து முடித்துவிட்டு மறுபடி 'சிஹெச்விடி 2' அடித்தேன். சட்டென்று லாகின் வரி வந்து நின்றது. சிக்னலை வாங்க ஆள் இல்லை என்று தெரிந்ததும், அந்த டிடிஒய்யை எழுத்து நிலைக்கும் விசைப்பலகையை வழக்கமான நிலைக்கும் கர்னலே திருப்பிவிடுகிறது. ஆகவே சிஹெச்விடி தொங்கினால் முதலில் கில், அப்புறம் மறுபடி சிஹெச்விடி. வரிசை முக்கியம்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த சோதனை. சி மொழியில் சின்ன நிரல் ஒன்று எழுதினேன்: டிடிஒய்1-ஐ கிராஃபிக்ஸ் நிலைக்கு மாற்றும், ஃபிரேம்பஃபரில் (திரைப் படத்தை வைத்திருக்கும் நினைவகம்) நீல நிறம் பூசும், உடனே செக்மென்டேஷன் ஃபால்ட் (தவறான நினைவகத்தைத் தொடும் பிழை) ஆகிச் சாகும். திரை நீலமாகவே நின்றது. இந்த முறை சிஹெச்விடி வேலைக்கு ஆகவில்லை, இத்தனைக்கும் நிரல் செத்துவிட்டது. காரணம், 'இடத்தை விட வேண்டுமானால் எனக்குச் சிக்னல் அனுப்பு' என்று எக்ஸ் கர்னலிடம் செய்துகொள்ளும் ஏற்பாட்டை என் நிரல் செய்யவில்லை. அந்த ஏற்பாடு இல்லாமல் கிராஃபிக்ஸ் நிலையில் இருக்கும் டிடிஒய்யிலிருந்து மாறச் சொன்னால் கர்னல் அந்தக் கோரிக்கையைக் கண்டுகொள்ளாது.

விசைப்பலகையின் நிலையை என் நிரல் மாற்றாததால், நீலத் திரையைப் பார்த்தபடியே குருட்டாம்போக்கில் 'டேட்' என்று அடித்து என்டர் தட்டினேன். பிறகு எஸ்எஸ்ஹெச்சில் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனர்), பைத்தானில் ஒரே வரி: டிடிஒய்1-ஐத் திறந்து, அதன் நிலையை மாற்றும் கர்னல் அழைப்பான கேடிசெட்மோட் ஐஆக்டில் (எண் 19258), மதிப்பு 0, அதாவது எழுத்து நிலை. நீலம் மறைந்தது. 'செக்மென்டேஷன் ஃபால்ட்' வரி, அதன் கீழே நான் கண்ணை மூடி அடித்த 'டேட்', அதன் பதிலாக அன்றைய தேதி, எல்லாம் வரிசையாக இருந்தன! எழுத்துகளைக் கர்னல் தன் நினைவகத்தில் ஒழுங்காகச் சேர்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. திரையில் வரைவதை மட்டும் நிறுத்தியிருக்கிறது. அந்த நொடியில் நிஜமாகவே சிலிர்த்தது.

இன்னொரு கணினி இல்லாதபோது? அதற்கு ஆல்ட்+சிஸ்ஆர்க்யூ+கே, கர்னலே நேரடியாகக் கேட்கும் அவசர விசைக் கூட்டு. நடப்பு டிடிஒய்யில் இருக்கும் எல்லாவற்றையும் கொன்று, நிலையையும் திருப்பும். கட்டளைகளை வாங்கும் ஷெல்லும் சேர்ந்து போகும், கவனம். எந்தெந்த அவசர விசைக்கு அனுமதி என்று எண்களைக் கூட்டிச் சொல்லும் கர்னலின் சிஸ்ஆர்க்யூ மதிப்பில் 4 சேர்ந்திருந்தால்தான் இது வேலை செய்யும். உபுண்டுவின் இயல்பு மதிப்பு 176, அதாவது 128+32+16. அதில் 4 இல்லை. அங்கே 180 என்று வைக்க வேண்டும். என் ஆல்பைனில் 1 என்று எழுதி எல்லாவற்றையும் திறந்துவிட்டேன்.

எக்ஸை மறுபடி ஸ்டாப் செய்து, எஸ்எஸ்ஹெச்சை மூடிவிட்டு ஆல்ட்+சிஸ்ஆர்க்யூ+கே அழுத்தினேன். லாகின் வரி அரைகுறையாக வந்தது. ஆல்ட்+எஃப்2 போய் ஆல்ட்+எஃப்1 திரும்பியதும் முழுதாகத் தெரிந்தது.