24 நிமிட லாகின்

கோத்தகிரிப் பக்கம் தேயிலைக் கொள்முதல் நிலையத்தில் பச்சை இலை எடையைப் பதிகிறவருக்கு வேலை சீராக வராது. ஒரு வண்டி இலை இறங்கும். அடுத்த வண்டிக்கு முக்கால் மணி நேரம் ஆகலாம். அதற்குள், பதிவுத் தளம் எழுதப்பட்ட நிரல்மொழியான பிஎச்பி அவரை மறந்துவிடும். லாகின் செய்தவரை சர்வர் நினைவில் வைத்திருக்கும் செஷனின் இயல்பு ஆயுள் 1440 விநாடி, அதாவது 24 நிமிடம். எடையெல்லாம் அடித்துச் 'சேமி'யை அழுத்தினால் லாகின் பக்கம் வந்து நிற்கும்.

உடனே நிரலுக்குள் ஐஎன்ஐ_செட் என்ற அமைப்பு மாற்றும் கட்டளையைப் போட்டு அதை 28800 ஆக்குவார்கள், 8 மணி நேரம். உபுண்டு சர்வரில் இது பலிக்காது. அங்கே பழைய செஷன் கோப்புகளைக் கூட்டித் தள்ளுவது குறித்த நேரத்துக்கொருமுறை தனியாக ஓடும் ஒரு வேலை (இப்போது சிஸ்டம்டி டைமர், பழைய பதிப்புகளில் கிரான்); நிரலுக்குள் எழுதியது அதன் கண்ணில் படாது, அமைப்புக் கோப்பான பிஎச்பி.ஐஎன்ஐயில் இருப்பதுதான் படும். மற்ற சர்வர்களிலும் பல தளங்கள் ஒரே செஷன் ஃபோல்டரைப் பகிர்ந்தால், பக்கத்துத் தளத்தின் 1440 நம் கோப்பையும் சேர்த்து அழிக்கும். மதிப்பை பிஎச்பி.ஐஎன்ஐயிலேயே உயர்த்தி, ஃபோல்டரையும் தனியாக்கிக்கொள்ள வேண்டும். கடைசியாக இயங்கிய நேரத்தைச் செஷனில் எழுதிவைத்து, எப்போது வெளியேற்றுவது என்பதை நிரலே தீர்மானிப்பது நல்லது. பலருக்கும் பொதுவான கணினி அல்லவா, காலவரையின்றித் திறந்தே கிடக்கவும் கூடாது.

லாகின் சரியானதும், செஷன் எண்ணைப் புதிதாக்கும் செஷன்_ரீஜெனரேட்_ஐடி கட்டாயம். இல்லாவிட்டால் முன்கூட்டியே ஒரு செஷன் எண்ணை உலாவியில் திணித்து வைத்தவர், அதே எண்ணோடு பின்னாலேயே உள்ளே வந்துவிடுவார். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் அதை அழைத்துப் பழையதை அப்போதே அழிப்பது மலையில் வம்பு. புது எண்ணைக் கொண்டுவரும் பதில் சிக்னல் இல்லாமல் வழியில் தொலைந்தால் உலாவியிடம் பழைய எண்தான் மிஞ்சும். சர்வரில் அதற்கு ஆளில்லை. மொபைல், வைஃபை இணைப்புகளில் இப்படி ஆகும் என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. ஐபி முகவரியைச் செஷனோடு கட்டிப்போடுவதும் அதே ரகம். கரண்ட் போய் வைஃபை அணைந்து, கைப்பேசி டேட்டாவுக்கு மாறிய நொடியில் முகவரி மாறிவிடும்.

வெளியேறும்போது, சர்வரில் உள்ள செஷன் தரவை அழிக்கும் செஷன்_டெஸ்ட்ராய் மட்டும் போதாது. செஷன் மாறிகளைக் காலியாக்கி, உலாவியில் செஷன் எண்ணை வைத்திருக்கும் குக்கியையும் காலாவதியாக்க வேண்டும்.

அதிகம் தப்பிப்போவது ஒரு சின்ன வரி. லாகின் இல்லாதவரை ஹெடர் லொகேஷன் கொண்டு திருப்பியபின், நிரலை அங்கேயே நிறுத்தும் எக்ஸிட் எழுதாமல் விடுவது. உலாவி சமர்த்தாக லாகின் பக்கத்துக்குத் தாவிவிடுவதால் சோதிக்கிறவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். கீழே உள்ள நிரலோ நிற்காமல் ஓடும். அதே முகவரியை, உலாவி இல்லாமல் பக்கத்தைக் கேட்கும் கருவியான கர்ல் கொண்டு கேட்டால், விவசாயி பெயர், கிலோ, தொகை எல்லாம் வரிசையாக வந்து விழும்.